தர்மத்துக்கு ஒதுக்கிய 50,000 ரூபாயை எங்கே கொடுப்பது?

கேள்வியின் சுருக்கம்: "மதுரையில் குடும்பமாக இருக்கிறோம். வருஷத்துக்கு 50,000 ரூபாய் தர்மத்துக்கு ஒதுக்குகிறோம். இதுவரை அப்பா திதிக்கும் பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் ஏதாவது ஒரு ஹோமில் சாப்பாடு போட்டோம், போனில் கேட்டவர்களுக்கும் அனுப்பினோம். உருப்படியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 80ஜி இருந்தால் நம்பலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நம்ப முடியாது. 80ஜி என்பது கொடுப்பவருக்கான வரிச் சலுகை. அந்த அமைப்பு நல்ல வேலை செய்கிறது என்று வருமான வரித் துறை கொடுத்த நற்சான்று அல்ல. அந்தச் சலுகையும் பலருக்கு இப்போது கிடைப்பதில்லை. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பு முறை, அதில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையை நீங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே பலன் உண்டு, அதுவும் பெரிதாக இருக்காது. சாதாரண ட்ரஸ்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தால் பாதி, அதாவது 10,000 மட்டுமே கழிவு. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து மிச்சமாவது 2,080 ரூபாய். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் கழியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. அரிசி மூட்டையாகவோ துணியாகவோ கொடுத்தாலும் இல்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. ஆனாலும் ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச காலத்துக்கு 80ஜி என்றுதான் சொல்வார்கள். ஆகவே வரியை வைத்து இடத்தைத் தேட வேண்டாம். இடத்தைத் தேடிவிட்டு, கிடைக்கிற வரிச் சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு போடும் விஷயம். மதுரையில் கொடை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அன்னதானம், அதில் தப்பில்லை. சிக்கல் நாளில் இருக்கிறது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று எல்லோருக்கும் ஒரே நாட்கள்தான் கிடைக்கின்றன. பெயர் தெரிந்த ஹோம்களில் அன்றைக்கு இரண்டு, மூன்று குடும்பங்கள் மதியச் சாப்பாட்டோடு வந்து நிற்கும். சர்க்கரை நோய் இருக்கிற எழுபது வயதுக்காரர் இலையில் ஒரே வேளையில் பாயசம், கேசரி, பிரியாணி எல்லாம் விழும். மிஞ்சியது மாலைக்குள் ஊசிப்போகும். மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை அதே வீட்டில் சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் பாக்கி, கேஸ் சிலிண்டருக்குக் கடன், கரண்ட் பில்லுக்கு நாள் நெருக்கடி. நாற்பது பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஐந்து கிலோ அரிசி போதும், அதைக் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையை மாற்றிவிடுகிற பெண்ணின் சம்பளத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

படுத்த படுக்கையாக எட்டுப் பேர் இருக்கிற முதியோர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டயப்பர், ஒன்று 30 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 21,600 ரூபாய். இதற்கு யாரும் ஃபோட்டோ எடுத்துக்கொள்வதில்லை. காசு தட்டுப்பட்டால் மூன்று டயப்பர் இரண்டாகும், பிறகு ஒன்றாகும். அடுத்த மாதம் முதுகில் புண் வரும், ஆஸ்பத்திரிச் செலவு வரும். அதனால் எந்த ஹோமுக்குப் போனாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "போன மாதம் எந்தச் செலவுக்குக் கையைப் பிசைந்தீர்கள்?" வீட்டை நிஜமாக நடத்துகிறவருக்குப் பதில் உடனே வரும், தொகையோடு வரும். "எதுனாலும் குடுங்க சார், எல்லாமே தேவைதான்" என்று மட்டும் சொல்கிறவர் கணக்குப் பார்க்காதவர், இல்லாவிட்டால் காட்ட விரும்பாதவர்.

பத்திரம், பதிவு பற்றி. ட்ரஸ்ட் என்றால் பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சான்று இருக்கும். கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவில் பதிவானதாகவும் இருக்கலாம். பத்திரத்தில் இரண்டு இடம் பாருங்கள். அறங்காவலர்கள் யார்? கணவன், மனைவி, மகன் மூவர் மட்டும் என்றால் அது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் அங்கே கேள்வி கேட்க வெளியாள் இல்லை என்று அர்த்தம். அடுத்து, ட்ரஸ்டைக் கலைத்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரிவு. இன்னொரு அறக்கட்டளைக்கு என்று இருக்க வேண்டும்.

12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கான வரிவிலக்கு), 80ஜி பதிவு எண்களை வருமான வரித் தளத்தில் நீங்களே தேடிச் சரிபார்க்கலாம். காகிதத்தில் லேமினேட் செய்து மாட்டியிருப்பதை நம்ப வேண்டாம், அது காலாவதியாகியிருக்கலாம். தொண்டு அமைப்புகள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக் தளமான தர்ப்பணின் எண்ணைப் பெரிதாகப் போட்டு "மத்திய அரசு அங்கீகாரம்" என்று சிலர் விளம்பரம் செய்வார்கள். அது வெறும் பதிவு, அங்கீகாரம் அல்ல.

உண்மையான விஷயம் தணிக்கை அறிக்கையில் இருக்கிறது. மூன்று வருஷத்து அறிக்கையைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், உங்கள் பணம். ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே 18 இலக்கத்தில் யுடிஐஎன் என்ற எண் இருக்கும். 2019 ஜூலை முதல் இது கட்டாயம். பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், அந்த ஆடிட்டர்தான் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டாரா என்று தெரிந்துவிடும். எண் இல்லை அல்லது பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு எண்களுக்கு வாருங்கள். மொத்தக் கணக்கைவிட இணைப்புப் பட்டியல்களில்தான் விவரம் இருக்கும். கட்டட வாடகை யாருக்குப் போகிறது? அறங்காவலரின் சொந்தக் கட்டடத்துக்கு என்றால் அந்தத் தெருவில் நடப்பு வாடகை என்ன என்று பக்கத்தில் விசாரியுங்கள். "அறங்காவலருக்குக் கடன்", "முன்பணம்" என்ற தலைப்பில் தொகை வருஷா வருஷம் அப்படியே நின்றால் அது திரும்பி வராத பணம். வைப்புநிதி ஏறிக்கொண்டே போய், பயனாளிகளுக்கான செலவு ஏறாமல் இருந்தால் உங்கள் பணம் பேங்கில்தான் தூங்கும். வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது வரிச் சட்டத்தின் பொது விதி. மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவைக்க எழுத்துமூலமான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கேளுங்கள். "இதரச் செலவு" என்ற ஒரே வரியில் மொத்தத்தில் கால் பங்கு போயிருந்தால் அதையும் கேளுங்கள்.

நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதே நல்ல அமைப்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செவிலியருக்கும் கணக்கருக்கும் ஒழுங்கான சம்பளம் கொடுக்கிற இடத்தில் அந்தச் சதவீதம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். "நிர்வாகச் செலவு பூஜ்யம்" என்று பெருமை பேசுகிற இடத்தில் சம்பளமே இல்லாமல் யாரோ உழைக்கிறார்கள், அல்லது செலவை வேறு தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு, ஒரு பலனுக்கு எவ்வளவு ஆகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கணக்கு. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தை வைத்தே இலவசப் பிரிவையும் நடத்துகிற முறையில் வளர்ந்தது. விலை உயர்ந்த உள்விழி லென்ஸை இங்கேயே தயாரிக்க 1992-இல் ஆரோலேப் தொடங்கியதும், ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவைக் குறைக்கத்தான். நன்கொடையை மட்டும் நம்பி நிற்கிறதா, கொஞ்சமாவது சொந்த வருமானம் உண்டா என்று எந்த அமைப்பிடமும் கேட்கலாம்.

நேரில் போவதைத் தவிர்க்காதீர்கள். முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டாவது தடவை சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். உள்ளே விடாவிட்டாலும் கோபப்பட வேண்டாம். குழந்தைகள் இருக்கிற இடத்தில் முன்பின் தெரியாதவரை உள்ளே விடாததுதான் சரி. எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். உள்ளே போக முடிந்தால் ஹாலில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பதோடு திரும்பாமல் கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா? கட்டிலை எண்ணுங்கள், ஆளை எண்ணுங்கள். மாத்திரைப் பெட்டியில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா? இரவுப் பணியில் யார் என்று கேட்டு, அந்த ஆளையே பார்க்க முடியுமா என்று பாருங்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உங்களுக்குப் பாட்டுப் பாட வைத்து, "அங்கிளுக்கு நன்றி சொல்லுங்க" என்கிற இடம் எனக்குப் பிடிக்காது. அது பிள்ளைகளுக்கு வாரம் நாலு முறை நடக்கிற வேலை.

குழந்தைகள் காப்பகம் என்றால் இன்னும் கறாராக இருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு காப்பகமும் பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும். ட்ரஸ்ட் பதிவு வேறு, இந்தப் பதிவு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மழுப்புவார்கள். பதிவு இருக்கிறதா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துக்கொள்ளலாம். இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2021-இல் மதுரையிலேயே ஒரு காப்பகத்தில், குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் தயாரித்துவிட்டு அதை விற்ற விவகாரம் வெளிவந்து கைது வரை போனது. காப்பகக் குழந்தைகளின் முகத்தையும் பெயரையும் போட்டு முகநூலில் பணம் கேட்கிற இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த ஒழுங்குகூட இல்லாத இடம் உள்ளே எப்படி இருக்கும்?

காப்பகங்களில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள், வளர்க்க வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். உங்களுக்குத் தெரிந்து அப்படி ஒரு குடும்பம் இருந்தால், மத்திய அரசின் வத்சல்யா திட்டத்தில் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் எழுதி, ஆட்டோ பிடித்து அந்த அம்மாவைப் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துப் போவது, பத்தாயிரம் ரூபாய் நன்கொடையைவிடக் கனமான உதவி.

முதியோர் இல்லம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மனநலம் பாதித்தவர்களைத் தங்க வைக்கும் இல்லத்துக்கு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி தனிப் பதிவு வேண்டும்.

போனில் வருகிறவர்கள். "பிறந்தநாள் வாழ்த்துகள் சார், இன்னைக்கு நம்ம குழந்தைங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு" என்று தேதி தெரிந்து பேசுகிறவருக்கு உங்கள் விவரம் எங்கிருந்தோ விற்கப்பட்டிருக்கிறது. இப்படிப் பேசுகிறவர்களில் வசூலுக்குக் கமிஷன் வாங்குகிறவர்களும் உண்டு. "எனக்கு ஃபோன்ல வேணாம், விலாசம் சொல்லுங்க, நேர்ல வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அத்தோடு வைத்துவிடுவார்கள். யுபிஐயில் ஸ்கேன் செய்ததும் திரையில் வருகிற பெயரைப் படியுங்கள். ட்ரஸ்டின் பெயர் வராமல் தனி ஆளின் பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம், "அவர்தான் எங்க மேனேஜர்" என்றாலும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் உண்டியலோடு ஏறி, அடிபட்ட குழந்தையின் ஃபோட்டோவைக் காட்டுகிறவர்களை அந்த ஒரு நிமிடத்தில் சரிபார்க்கவே முடியாது. சரிபார்க்க முடியாத இடத்தில் கொடுப்பதில்லை என்று ஒரேயடியாக முடிவு செய்துகொண்டால் மனசு இழுபடாது.

மருத்துவ உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் வருவது நிஜமாகவே இருக்கலாம். நோயாளியின் உள்நோயாளி எண், வார்டு, மருத்துவமனை மதிப்பீட்டுச் சீட்டின் தேதி மூன்றையும் கேளுங்கள். தேதிதான் முக்கியம், பழைய செய்தி வருஷக்கணக்கில் சுற்றும். பணத்தை மருத்துவமனைக் கணக்கில் நோயாளியின் பெயரில் கட்டுங்கள். அதற்கு முன்னால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை உண்டு. அட்டை இல்லாததாலேயே கடன் வாங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்து ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் போதும். காப்பீடு தொடாத செலவுதான் நன்கொடைக்கு ஏற்றது: பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கூட இருக்கும் உறவினரின் சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பஸ் காசு, வெளியே எழுதிக்கொடுக்கிற பரிசோதனை.

படிப்புக்கும் அப்படியே. முதல் பட்டதாரிச் சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இவையெல்லாம் போக எது குறைகிறது என்று பார்த்து, அதைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டுங்கள். பெரும்பாலும் குறைவது ஃபீஸ் அல்ல, ஹாஸ்டல் மெஸ் பில்தான்.

அமைப்பே வேண்டாம், நேரடியாகச் செய்கிறோம் என்றால் உங்கள் தெரு அரசுப் பள்ளி இருக்கிறது. தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் வாங்கித் தந்த தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் எத்தனையோ பள்ளிகளில் மூலையில் நிற்கின்றன. இயந்திரம் கொடுத்தால் இரண்டு வருஷப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்குக் கொடுத்தபோது, பள்ளிக் கல்வித் துறையின் பெயருக்கே பத்திரம் எழுதிக் கொடுத்தார். இடையில் ஒரு ட்ரஸ்ட் இல்லை. 2024 குடியரசு தின விழாவில் அரசு சிறப்பு விருது கொடுத்ததால் இது எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய சொத்து கொடுக்க நினைப்பவர்களுக்கு அதுதான் நேர்வழி.

கண்மாய் தூர்வாரும் பணிக்கு நன்கொடை கேட்டால், எவ்வளவு மண் அள்ளினார்கள் என்று கேட்பது வீண். வரத்துக்கால் சுத்தமாக இருக்கிறதா, மடைக்கதவு ஏறி இறங்குகிறதா, உபரி நீர் வெளியேறும் கலுங்கு உடைந்திருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் வந்து சேரும் வழி அடைபட்டிருக்கும்போது நடுவில் மட்டும் ஆழமாகத் தோண்டினால் மண் விற்றவருக்குத்தான் லாபம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும் அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை தொடங்கியிருந்தால் விலகிக்கொள்ளுங்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்றவை கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டிய பிறகே வேலையில் இறங்குவது, அடுத்த வருஷம் அந்த மடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால்தான்.

இனி உங்கள் 50,000. பத்து இடத்துக்கு ஐயாயிரமாகப் பிரித்தால் பத்து ரசீது கிடைக்கும், எங்கேயும் எதையும் கேட்க முடியாது. 30,000-ஐ ஒரே இடத்துக்கு, மாதம் 2,500 ரூபாயாக, இன்ன செலவுக்கு என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் தப்பாமல் வருகிற 2,500, எப்போதோ வருகிற 30,000-ஐவிட ஹோம் நடத்துகிறவருக்கு உதவும், அதை நம்பி ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். ஆனால் பேங்கில் தானாகக் கழிகிற ஏற்பாட்டை ஓராண்டுக்கு மட்டும் போடுங்கள். அடுத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புதுப்பிக்கலாம். 12,000-ஐ அவசர மருத்துவம், படிப்பு என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8,000-இல் அப்பா திதிக்கு அன்னதானம் இருக்கட்டும். வீட்டு நம்பிக்கையை விட வேண்டியதில்லை. ஹோமுக்கு முன்கூட்டியே பேசி, அன்றைக்கு வேறு யாராவது பதிவு செய்திருந்தால் திதியை வீட்டில் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டை ஆள் இல்லாத நாளுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். மெனுவை அவர்கள் சமையற்கட்டே முடிவு செய்யட்டும்.

கொடுக்கும்போதே பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அந்த நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் ட்ரஸ்ட் தன் நன்கொடை விவரத்தை 10பிடி படிவத்தில் துறைக்குத் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். பில்புக்கில் கிழித்துக் கொடுக்கிற ரசீது மட்டும் இருந்தால் கழிவு நிற்காது. ஜூன் முதல் வாரத்திலும் 10பிஇ வரவில்லை என்றால் விசாரியுங்கள். வேறு எதிலும் குறை தெரியாத அமைப்புகூட இந்த இடத்தில் சறுக்குவதுண்டு, கணக்கர் ஒருவர் இல்லாததால்.

வெளிநாட்டு உறவினர் சேர்ந்து கொடுக்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க ட்ரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி பிரதானக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். குடியுரிமை மாறிய அண்ணனிடம் ஒரு ட்ரஸ்ட் மதுரைக் கிளைக் கணக்கு எண்ணைக் கொடுத்து "இதுல போடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றால், அந்த ட்ரஸ்டுக்கு உங்கள் மாதம் 2,500-ஐயும் தொடங்க வேண்டாம்.